மயானத்தோடு கூத்து முடிவதில்லை

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெற்றோரே, ஆசிரியர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது நம்பிக்கை தரும் கதைகளா, உலகத்தின் கசப்பைக் காட்டும் கதைகளா என்பது இன்றைய வழக்கு. நம்பிக்கை தரும் கதைகளே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "நம் தாத்தா பாட்டிகள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதானே அரிச்சந்திரன் கூத்துப் பார்த்தார்கள்? பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைக் காட்டினார்களே, எந்தக் குழந்தை உடைந்துபோயிற்று?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

சரி ஐயா, அந்தக் கூத்துக்கே போவோம். தருப்பை பறிக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது. பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு சந்திரமதி மயானத்துக்கு வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறான் காவல்காரன். அவன்தான் அந்தப் பிள்ளையைப் பெற்ற தகப்பன். இதைவிடக் கொடிய காட்சி எந்த நாட்டுக் கதையில் இருக்கிறது? எதிரணித் தலைவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கூத்து அங்கே நிற்பதில்லையே! மனைவியை வெட்ட ஓங்கிய வாள் மாலையாக விழுகிறது. லோகிதாசன் எழுந்து உட்காருகிறான். அதற்குள் கிழக்கும் வெளுத்துவிடும். மடியில் இருந்த குழந்தை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது உயிரோடு எழுந்த லோகிதாசனை.

குஜராத்தில் ஒரு சிறுவன் இதே கதையை நாடகமாகப் பார்த்தான். அதை நினைத்து அடிக்கடி அழுதான். எல்லோரும் அரிச்சந்திரனைப் போல ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். எண்ணிலடங்காத முறை தனக்குள் அந்த நாடகத்தை நடித்துப் பார்த்ததாகப் பிற்காலத்தில் சத்திய சோதனையில் எழுதினார் அந்தச் சிறுவனாக இருந்த காந்தி. பொய் சொல்லாதவன் மயானத்தில் எரிந்து சாம்பலானான் என்று கதை முடிந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அப்படி ஆக வேண்டும் என்ற ஆசை வந்திருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எங்கள் அணி எதைக் கேட்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துன்பமே இல்லாத கதையை நாங்கள் கேட்கவில்லை. ஓநாயைக் கதையை விட்டுத் துரத்தச் சொல்லவில்லை. சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதையைப் பிரான்சில் பெரோ என்ற எழுத்தாளர் 1697-ல் அச்சிட்டபோது, ஓநாய் அவளைத் தின்பதோடு கதை முடிந்தது. 1812-ல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் ஒரு வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கிறான். இரண்டிலும் அதே ஓநாய், அதே பல். முடிவு மட்டும்தான் வேறு. இன்று அம்மாக்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டாவதைத்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொல்கிறவர்களால் முதலாவதை எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம், "உண்மையை எத்தனை நாள் மறைப்பீர்கள்?" என்று கேட்டார் இரண்டாவதாகப் பேசிய அம்மையார். அம்மா, நாம் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் துன்பம் தெரிய வேண்டுமா? 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் இருந்த பிள்ளைக்கு, உலகம் கொடியது என்று ஒரு கதை எழுதிப் புரிய வைக்க வேண்டுமா? அந்த உண்மை நம்மை முந்திக்கொண்டு போய்விட்டது. அதற்கு மேல் என்ன என்பதுதான் பிள்ளைக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

"பசித்த பிள்ளைக்குச் சோறா, கதையா?" என்றும் கேட்டார்கள். இதற்கு யெல்லா லெப்மான் என்ற பெண்மணியைத்தான் சாட்சியாக அழைக்க வேண்டும். ஸ்டுட்கார்ட் நகரத்துப் பத்திரிகையாளர், யூதர், கணவரை இழந்தவர். ஹிட்லர் ஆட்சியில் பிழைக்க வழியில்லாமல் 1936-ல் இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போனார். 1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அவரை ஜெர்மனிக்கு அழைத்தது, பெண்கள், குழந்தைகள் நலனுக்கு ஆலோசகராக. யாருடைய குழந்தைகள்? தன்னை விரட்டியவர்களின் குழந்தைகள். போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. போனார். இடிபாடுகளுக்கு நடுவே பசியோடு திரிந்த பிள்ளைகளைப் பார்த்தார். சோறும் துணியும் வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் அதோடு நின்றுவிட அவருக்கு மனம் வரவில்லை.

20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். எங்களிடம் பணம் இல்லை, உங்கள் நாட்டுக் குழந்தை நூல்களில் சிறந்தவற்றைத் தாருங்கள் என்று. பெல்ஜியம் மறுத்தது. இரண்டு முறை ஜெர்மானியப் படை புகுந்து நாசமாக்கிய நாடு, அதன் கோபத்தில் நியாயம் உண்டு. லெப்மான் மறுபடியும் எழுதினார். பெல்ஜியமும் அனுப்பியது! வந்த நூல்களை வைத்து 1946 ஜூலையில் மியூனிக்கில் கண்காட்சி திறந்தது.

அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு பெர்லின் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப அவரிடம் ஒன்றும் இல்லை. சண்டைக்கு இழுத்து வந்தாலும் சண்டை போடாமல், பூ வாசம் முகர்ந்துகொண்டு உட்கார்ந்துவிடும் ஒரு காளையின் கதை அமெரிக்காவில் வந்திருந்தது. அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சடித்துக் கொடுத்தார். குண்டு விழுந்த தெருவில் வளர்ந்த பிள்ளைக்குப் போரைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை அவர். சண்டை போடாமலும் இருக்கலாம், அப்படி இருந்தவன் சுகமாக வீடு திரும்பினான் என்று காட்டினார். வேறொரு விதமாக வாழலாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. 1949-ல் அவர் மியூனிக்கில் தொடங்கிய பன்னாட்டுக் குழந்தை நூலகம் இன்றும் இருக்கிறது, நடுவர் அவர்களே.

ஒரே கதையைத் தினமும் கேட்கும் பிள்ளைகளை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். முடிவு அதற்கு மனப்பாடம். இருந்தாலும் அரக்கன் வரும் இடத்தில் நம் கையை இறுக்கிப் பிடிக்கும், "கடைசியில் தப்பிச்சிடுவான்ல?" என்று கேட்கும். தப்பிப்பான் என்று தெரிந்திருப்பதால்தான் அரக்கனைக் கண் திறந்து பார்க்க அதற்குத் துணிவு வருகிறது. பயத்தைத் தாங்கப் பழகுவதும் அந்த இடத்தில்தான். நம்பிக்கைக் கதை பிள்ளைகளைக் கோழையாக்கும் என்று சொன்னவர்கள் ஒரு நாள் இரவு ஒரு பிள்ளையின் பக்கத்தில் படுத்துக் கதை சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அடுத்த அறையில் அம்மாவும் அப்பாவும் வாடகையைப் பற்றிப் பேசுவது பிள்ளையின் காதில் விழுகிறது. தூங்காமல் படுத்திருக்கிறது. நீங்கள் அதன் பக்கத்தில் உட்காருகிறீர்கள், கதை கேட்கிறது. எந்தக் கதையைச் சொல்வீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.