ஓ.டி. நின்றுபோன மாதம்

நேயர்களுக்கு வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைதான். ஒரு மணி நேர வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. 26 நாள், தினம் 8 மணி, சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி ஓ.டி. என்றால் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அது நின்றாலும் பி.எஃப். பிடித்தம் குறையாது, ஓ.டி. அந்தக் கணக்கிலேயே சேராது. பி.எஃப். 1,440, ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 90 போகக் கைக்கு வருவது 10,470.

வீட்டு நோட்டில் இந்தத் தொகையை மேலே எழுதிவிட்டு அதன் கீழே செலவை எழுதுங்கள். 'அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும்' என்று பழைய கையோடே செலவு செய்தால், மூன்றாம் மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் துண்டு விழும்.

மளிகையில் கடன் நோட்டை நிறுத்திக் கைக்காசுக்கு வாங்குங்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டையும் விடாமல் வாங்குங்கள். பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வீட்டைக் கவிழ்ப்பது சாப்பாட்டுச் செலவு அல்ல, தவணை. குழு லோன் கட்டத் தண்டல் வாங்குவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். 10,000 தண்டலுக்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி பத்துக்கு ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், நூறு நாளில் உங்கள் கையில் சராசரியாக இருப்பது 4,500தான். அதற்கு 1,000 வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது! தவிர, தினம் 100 என்றால் மாதம் 3,000. போன ஓ.டி. பணம் இன்னொரு முறை போகிறது.

அதனால் தவணை நாளுக்கு முன்பே, சம்பளச் சீட்டோடு போய்க் கடன் கொடுத்தவரிடம் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். வட்டி சற்றுக் கூடும். தண்டலுக்கு அது எவ்வளவோ மேல். தவறிய பிறகு கேட்டால் அபராதமும் சேர்ந்துவிடும். இன்னும் எடுக்காத ஏலச்சீட்டு இருந்தால், சீட்டு நடத்துபவர் சம்மதத்தோடு வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம். எடுத்துவிட்ட சீட்டை அப்படித் தள்ள முடியாது. வாடகைக்கு அடுத்த வரியில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.