கூடத்தைக் கேட்டு வாங்குங்கள்

(நுண்கலைக் கல்லூரி ஒன்றில் நடன மாணவர்களிடையே ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். பரதநாட்டியத்தில் பட்டம் படிக்கிற மாணவ மாணவியர் இந்த அரங்கு நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லிக்கொடுத்ததை நன்றாக ஆடுவதோடு நில்லாமல், சொந்தமாக ஒரு உருப்படி, அதாவது ஒரு முழு நடனம், அமைத்துப் பார்க்க ஆசைப்படுகிற சிலர் உங்களுக்குள் கட்டாயம் இருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களிடம்தான்.

நடனம் அமைக்கிறவருக்கு மேடையைவிட முக்கியமானது ஒத்திகைக் கூடம். படிப்பு முடிந்து வெளியே போனதும் இது புரியும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்துத்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் ஊரிலேயே இல்லை. ஆறு பேரை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இங்கே அந்த ஆறு பேரும் உங்கள் விடுதியிலேயே இருக்கிறார்கள். மிருதங்கம் படிக்கிற மாணவர் அடுத்த வகுப்பறையில் இருக்கிறார். பாடத் தெரிந்தவர் எதிர்த்த கட்டடத்தில் இருக்கிறார். வாழ்க்கையில் இனி ஒருமுறை இது அமையாது. தயவுசெய்து இந்த மூன்று வருடத்தை வீணாக்காதீர்கள்.

நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். பிறகு அங்கே உருவான நாட்டிய நாடகங்களை நினைத்துப் பாருங்கள். ராமாயணத்தை ஆறு பகுதிகளாக அமைத்தார்கள். இசை அமைக்க மைசூர் வாசுதேவாச்சாரியார், அத்தனை முதிர்ந்த வயதில், அந்த வளாகத்திலேயே இருந்தார். 1961-இல் அவர் காலமான பிறகு பேரன் எஸ். ராஜாராம் அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆடியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும். நெசவுக்கூடமும் அங்கேயே இருந்தது. பாட்டும் ஆட்டமும் உடுப்பும் ஒரே மண்ணில் சேர்ந்து வளர்ந்ததால்தான் அவ்வளவு பெரிய வேலை சாத்தியமாயிற்று. ஒரு கல்வி நிறுவனம் நடனம் அமைப்பவருக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுதான் என்பது என் எண்ணம். உங்கள் கல்லூரியிலும் இசைத்துறை இருக்கிறது. எத்தனை பேர் அங்கே போய் ஒரு வாய்ப்பாட்டு மாணவியிடம் பேசியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. நம் மரபில் உருப்படி அமைத்தவர்கள் நட்டுவனார்கள், அதாவது தாளம் தட்டி நடனத்தை நடத்தும் ஆசான்கள். தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வருமே பாட்டும் தாளமும் ஜதி என்ற தாளச்சொற்களும் அடவு என்ற அடிப்படை அசைவுகளும் ஒருசேரத் தெரிந்தவர்கள். நாம் இன்று ஆடும் மார்க்கத்தின், அதாவது கச்சேரியில் உருப்படிகள் வரும் முறையின், வரிசையே அவர்கள் வகுத்துத் தந்தது. ஆகவே அமைக்க விரும்புகிறவர் தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பிடித்து உட்காரப் பழக வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பிலாவது, "டீச்சர், இன்றைக்கு நான் தட்டுகிறேனே" என்று கேளுங்கள். மற்றவர் கால் எங்கே பிந்துகிறது, மூச்சு எங்கே முட்டுகிறது என்பது உட்கார்ந்து தட்டும்போதுதான் கண்ணில் படும்.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன், இன்று மாலையே செய்து பார்க்கலாம். அடவுகளில் ஒரு வகையான நாட்டடவில் ஒரு கோர்வையை, அதாவது அடவுகளின் தொடரை, நான்கு பேருக்குக் கொடுங்கள். நால்வரும் வரிசையாக நின்று முன்னால் பார்த்து ஆடினால் அது வகுப்பு. இப்போது இரண்டாமவரை ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்று, தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். மூன்றாமவர் முதுகைக் காட்டி ஆடட்டும். நான்காமவர் முழங்காலை மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் அசையாமல் இருக்கட்டும். பார்க்கிறவர் கண் அசையாத அந்த ஒருவரிடமே போய் நிற்கும். ஏன் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கும், அவர் எப்போது எழ வேண்டும்? இந்தக் கேள்விகளில் தொடங்குகிறது நடன அமைப்பு. செலவு ஒன்றும் கிடையாது. சென்னையிலேயே நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்பை உருவாக்கியபோது அடவையும் களரி என்ற கேரளப் போர்க்கலையையும் யோகத்தையும் இப்படித்தான் உடம்பின் அடிப்படையிலிருந்து கேள்வி கேட்டுப் பார்த்தார்.

இளைஞர் விழாக்கள், கல்ச்சுரல்ஸ் போட்டிகள் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மண்டல அளவிலும் தேசிய அளவிலும் இளைஞர் விழா நடத்துகிறது. போங்கள், கடிகாரத்துக்குள் ஆடப் பழகுவீர்கள். ஆனால் வருடம் முழுக்கப் பரிசுக்காகவே அமைத்தால் நடுவருக்குப் பிடித்ததை மட்டும் செய்யக் கற்றுக்கொள்வீர்கள்.

பண உதவிக்கு வருகிறேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கானது. மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள். இது குருவிடம் மேல்பயிற்சி பெறுவதற்கான தொகை என்பதை நினைவில் வையுங்கள். புதிதாகப் படைக்க உதவி வேண்டுமென்றால் பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ஆங்கிலம் வராது என்று ஒதுங்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றி நடன வகுப்பில் யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்லியாக வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் மனதிலும் தோழிகளின் காலிலும் மட்டும் இருக்கிற உருப்படிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே முழு உருப்படியையும் ஒரே ஷாட்டில், கால் தெரிய, வீடியோ எடுங்கள். நோட்டில் ஆட்டத்துக்கான தாளச்சொற்களான சொல்லுக்கட்டையும் ஆடுபவர்கள் நிற்கும் இடத்தையும் தேதி போட்டு எழுதுங்கள். பதிவாகிவிட்டால் உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. அதே சட்டம் மாணவர்களுக்கு ஒரு சலுகையும் தருகிறது. கல்லூரி நடவடிக்கையாக, ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சியில் பிறர் பாடலையோ ஒலிப்பதிவையோ பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது. அதையே யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. உங்கள் இசைத்துறை நண்பரே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டாக இருந்தால், அவர் சம்மதம் ஒன்றே போதும்.

கடைசியாக ஆசிரியர்களிடமும் முதல்வர் அவர்களிடமும் மூன்று வேண்டுகோள். ஒன்று, தளம். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் தட்டித் தட்டி இருபது வயதிலேயே முழங்கால் வலி என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. அடியில் இடைவெளி விட்ட மரத்தளம் ஒரே ஒரு அறையிலாவது போடுங்கள். இதற்குப் பணம் வேண்டும், தெரியும். மற்ற இரண்டுக்கும் வேண்டாம். வகுப்பு முடிந்தபின் இரவு எட்டு மணிவரை கூடம் திறந்திருக்கட்டும், முன்பதிவு நோட்டு ஒன்றை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அரைகுறையாக இருக்கிற படைப்புகளை ஒப்பனையும் லைட்டும் இல்லாமல் சக மாணவர் முன் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைக்கு மார்க் போடாதீர்கள். இந்த இரண்டுக்கும் முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும். இந்தப் பருவத்திலேயே அது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.