யானைப் பசிக்குச் சோளப்பொரி

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் எழுந்த கைத்தட்டலை நானும் கேட்டேன். மறைப்பானேன், நானும் தட்டினேன். நன்றாகத்தான் பேசினார். ‘அரசின் பணம் முதலில் போக வேண்டியது போர் ஆயத்தத்துக்கா, பொது மருத்துவத்துக்கா’ என்பது தலைப்பு. அதில் அவர் வைத்த வாதம் மூன்று. நாடு இருந்தால்தான் ஆஸ்பத்திரி இருக்கும் என்றார். போர் வந்ததால்தான் பென்சிலினே கிடைத்தது என்றார். கஜானா ஒன்றுதான், ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். நான் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டும் அதன் தோளில் ஏறித்தான் உயரமாகத் தெரிகின்றன.

அதற்கு முன்னால் ஒரு விளக்கம். ராணுவமே வேண்டாம் என்று சொல்ல எங்கள் அணி வரவில்லை. 1948-இல் கோஸ்டா ரிக்கா தன் ராணுவத்தையே கலைத்துவிட்டது, அடுத்த வருடம் அரசியல் சட்டத்திலும் எழுதி வைத்தது. அதை எல்லா நாடும் அப்படியே செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். படையெடுப்புக்கு ஆளான உக்ரைன் 2024-இல் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 34 சதவீதத்தை ராணுவத்துக்குச் செலவழித்தது. தலைக்கு மேல் குண்டு விழும்போது வேறென்ன செய்வார்கள்? எங்கள் வழக்கு அதுவல்ல. தலைக்கு மேல் ஒன்றும் விழாத நேரத்தில், நிதானமாக உட்கார்ந்து பட்ஜெட் போடும்போது, சிவப்புப் பேனா ஏன் எப்போதும் மருத்துவத்தின் பக்கமே போகிறது என்பதுதான் எங்கள் வழக்கு.

1951, பிரிட்டன். எல்லாருக்கும் இலவச மருத்துவம் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கொரியாவில் போர். ஆயுதம் பெருக்க மூன்று வருடத்துக்கு 470 கோடி பவுண்டு என்று திட்டம் போட்டாகிவிட்டது. பணம் எங்கே? நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் தேடிக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? பொய்ப்பல். அப்புறம் மூக்குக்கண்ணாடி. அதுவரை இலவசமாகக் கிடைத்த இவை இரண்டுக்கும் இனி பாதி விலையை நோயாளியே கட்ட வேண்டும் என்றார். இதனால் முதல் வருடம் மிச்சமாகும் என்று அவர் போட்ட கணக்கு 1.3 கோடி பவுண்டு.

470 கோடி எங்கே, 1.3 கோடி எங்கே! யானைப் பசிக்குச் சோளப்பொரி. பல் போன கிழவர்களிடம் பிடுங்கிய அந்தப் பணத்தில் பீரங்கிப் படை எழுந்து நின்றுவிடுமா?

அந்த மருத்துவத் திட்டத்தை உருவாக்கிய அனைரின் பெவன் அப்போது தொழிலாளர் துறை அமைச்சர். இந்தக் கட்டணத்தை எதிர்த்து ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பிரதமர் அட்லி அந்தச் சமயத்தில் வயிற்றுப்புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், அது தனிக் கதை. பெவன் சொன்ன இன்னொரு காரணத்தை எதிரணி கவனிக்க வேண்டும். மூலப்பொருளும் இயந்திரமும் பற்றாக்குறையாக இருக்கும்போது இவ்வளவு ஆயுதத்தை இந்த மூன்று வருடத்தில் தயாரிக்கவே முடியாது, ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்கக்கூட முடியாது என்றார் அவர். அதே வருடம் ஆட்சி மாறியது. வந்தவர் சர்ச்சில், போர் என்றால் பின்வாங்காத மனிதர். அவரே திட்டத்தை நீட்டித்துத் தள்ளிப்போட்டார். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, பெவன் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டார் என்று அரைமனதோடு ஒப்புக்கொண்டார். ஆயுதத் திட்டம் தள்ளிப்போனது. பல்லுக்குப் போட்ட கட்டணம் தள்ளிப்போகவில்லை, அப்படியே நின்றது.

பழைய கதை என்பீர்கள். சரி, 2025-க்கு வாருங்கள். அதே பிரிட்டன். ராணுவச் செலவை 2027-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்தப் போகிறோம் என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். பணம் எங்கே? ஏழை நாடுகளுக்கான உதவித்தொகையிலிருந்து. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்ததை 0.3 ஆக வெட்டினார்கள். தடுப்பூசியும் பிரசவ கால மருத்துவமும் அந்தத் தொகைக்குள்தான் வருகின்றன. அந்தத் துறையின் அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் அதே மாதம் ராஜினாமா செய்தார். ராணுவச் செலவு கூடுவதை அவர் எதிர்க்கவில்லை, நடுவர் அவர்களே. இந்தப் பையிலிருந்து எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னார். எழுபத்து நான்கு வருடம் கழித்தும் அதே பை, அதே கை.

இப்போது ‘நாடு இருந்தால்தானே ஆஸ்பத்திரி’ என்ற வாதம். நாடு எதை வைத்து நிற்கும்? படையை வைத்து என்பார்கள். படை எங்கிருந்து வரும்? 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியதும் பிரிட்டனின் தொழில் நகரங்களில் இளைஞர்கள் படையில் சேர வரிசையில் நின்றார்கள். மருத்துவப் பரிசோதனையில் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உயரம் போதவில்லை, மார்பளவு போதவில்லை, பல்லெல்லாம் சொத்தை. பல் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். படைக்குக் கொடுத்த பிஸ்கட் கல் மாதிரி இருக்கும், கடிக்க முடியாதவன் பட்டினிதான். உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யம், கப்பலுக்கும் பீரங்கிக்கும் குறைவில்லை, தூக்கிப் பிடிக்க ஆரோக்கியமான ஆள் கிடைக்கவில்லை. பயந்துபோய்க் குழு போட்டார்கள், அறிக்கை 1904-இல் வந்தது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, 1907-இல் பள்ளியிலேயே மருத்துவப் பரிசோதனை என்று சட்டம் வந்தது. ராணுவத்தின் பற்றாக்குறையைப் பள்ளிக்கூடத்தில்தான் சரி செய்ய முடிந்தது. அதே தேசம் 1951-இல் ஆயுதத்துக்காகப் பல்லில் கை வைத்தது என்றால் என்ன சொல்வது!

அது அந்தக் காலம், இப்போது போரை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். 2020-இல் அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட், பிரான்சின் சார்ல் த கோல் என்று இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்கள். இரண்டும் அணுசக்தியில் ஓடுபவை. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் கொரோனா தொற்று. இரண்டும் பாதியில் துறைமுகத்துக்குத் திரும்பின. எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை.

பென்சிலினுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ரொம்ப ரசித்துச் சொன்ன இடம் அது. கிருமியைக் கொல்லும் அந்த மருந்தைத் தரும் பூஞ்சையை ஃபிளெமிங் பார்த்தது 1928-இல், லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில். அப்போது போர் ஏதும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் யாரும் அதற்குப் பெரிதாகப் பணம் போடவில்லை. ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியும் செயினும் அதைக் கையில் எடுத்தபோது பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வைக்கும் பெட்பேனில் வளர்த்தார்கள். 1941 பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரருக்குச் சிகிச்சையாகக் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியிருந்த மனிதர், சில நாளில் எழுந்து சாப்பிட ஆரம்பித்தார். மருந்து தீர்ந்து போனது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி ஊசி போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச்சில் அவர் இறந்துபோனார்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் முற்றியது, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பணம் கொட்டியது, 1944-இல் நார்மண்டியில் படை இறங்கும்போது லட்சக்கணக்கான டோஸ் தயார். இதில் போர் எதைக் கண்டுபிடித்தது? பூஞ்சையையா? கஜானாவின் சாவியைத்தான் கண்டுபிடித்தது. அந்தச் சாவி 1930-லும் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது எடுக்காமல் விட்டதற்கு உயிரால் விலை கொடுத்தவர்களை எந்தப் போர்க் கணக்கிலும் எழுதவில்லை. பென்சிலின் எங்கள் அணிக்கான சாட்சி, நடுவர் அவர்களே. அவர் தவறுதலாக அழைத்து வந்துவிட்டார்.

பணம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. பெரியம்மை. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய். ஒழித்துக்கட்டலாம் என்று 1958-இல் முன்மொழிந்தது சோவியத் யூனியன். 1967-இல் தீவிரமாக இறங்கிய திட்டத்தை நடத்தியவர் ஹென்டர்சன் என்ற அமெரிக்கர். அணுகுண்டை நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு நாடுகள், ஒன்று தடுப்பூசி மருந்தை அனுப்ப, இன்னொன்று பணமும் ஆளும் அனுப்பியது. கருவி என்ன தெரியுமா? இரண்டு முனை வைத்த ஒரு சின்ன ஊசி. மருந்தில் தோய்த்து, கையில் பதினைந்து குத்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொஞ்ச நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இயற்கையாகப் பரவியதில் கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில், ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். பிழைத்துக்கொண்டார். 1980-இல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். உலக நாடுகள் 2024-இல் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 31 கோடி. ஒரு மணி நேரம்! எதிரணியில் ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார், பணவீக்கம் என்று எழுதுகிறார். நியாயம்தான். பத்து மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம். இன்னும் பொழுது சாயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024-25 பட்ஜெட், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து, சுமார் 683 கோடி டாலர். உலகின் ஒரு நாள் ராணுவச் செலவு அதைவிட அதிகம்.

இந்த விகிதத்தைப் பார்த்த பிறகும் ‘ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்கணும்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? மருத்துவத்தில் வெட்டுவது போருக்குப் போதாது. போர்ச் செலவில் சிந்துவதோ மருத்துவத்துக்கு மலை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு முதல் முழுத் தணிக்கை நடந்தது 2018-இல். அதிலிருந்து 2024 வரை ஒவ்வொரு வருடமும் நடந்தது, ஒருமுறைகூடத் தேறவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ரெண்டு பெட்டி ஊசி கணக்கில் இடித்தால் ஸ்டோர் கீப்பருக்கு மெமோ வந்துவிடும். இங்கே மெமோ யாருக்கு? பணம் வேண்டுமென்றால் முதலில் அங்கே தேடுங்கள், அல்லது வரி போடுகிறோம் என்று மக்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரு கேள்வி மட்டும் விட்டுச் செல்கிறேன். 1951-இல் பல்லிலும் கண்ணாடியிலும் மிச்சம் பிடித்த பணம் இல்லாவிட்டால் வாங்கவே முடியாமல் போயிருக்கும் என்று ஒரு ஆயுதத்தின் பெயரைச் சொல்லட்டும். ஒன்றே ஒன்று போதும். சொல்லிவிட்டால் நான் இந்த மேடையிலேயே அணி மாறி உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.