எக்கோ காட்டும் ஆழம் எங்கிருந்து அளந்தது?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்துகொண்டு தொண்டியிலோ கோட்டைப்பட்டினத்திலோ படகில் பணம் போட்டிருப்பவர்களும், அங்கே இன்ஜின் வேலை, வயரிங் வேலை, தச்சு வேலைக்குப் போய்வருபவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன். எக்கோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆழமானியை, முக்கியமாக ஒலியை அனுப்பி வாங்கும் அதன் டிரான்ஸ்டியூசரை, எப்படிப் பொருத்துவது, பொருத்திய பிறகு எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பேச்சு.

டைட்டானிக் மூழ்கியது 1912இல். கடலில் பனிப்பாறை இருப்பதை ஒலியால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கிய ஜெர்மானியர் அலெக்சாண்டர் பேம், கடலின் ஆழத்தை எதிரொலியால் அளக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். இன்றைய எக்கோவும் அதே வேலையைத்தான் செய்கிறது. டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் பீங்கான் வில்லை மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலியை மறுபடி மின்சாரமாக மாற்றுகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். போய்வந்த நேரத்தைப் பாதியாக்கிக் கணக்குப் போட்டால் ஆழம். திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எத்தனை வண்ணம் காட்டினாலும், அந்தச் சிறிய வில்லைக்குக் கேட்டதைத்தான் காட்டும். திரைக்குச் செலவழிக்கும்போது நாம் கணக்குப் பார்ப்பதில்லை. டிரான்ஸ்டியூசரை மட்டும் கிடைத்த இடத்தில் திருகிவிட்டு வருகிறோம். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிய கடல். ஆழ்கடலில் அரை மீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. இங்கே படகின் அடியில் தண்ணீர் கொஞ்சமே இருக்கும் இடத்தில் அரை மீட்டர் பிசகினால் படகு மணலில் உட்கார்ந்துவிடும். அலைவரிசையில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு இருந்தால், நம் கடலுக்கு 200 போதும். அதன் ஒலிக்கற்றை குறுகலானது, ஆழம் குறைந்த இடத்தில் தெளிவாகக் காட்டும்.

பொருத்தும் இடத்துக்கு வருகிறேன். ஒலிக்கு எதிரி காற்றுக்குமிழி. டிரான்ஸ்டியூசரின் முகத்தை உரசிக்கொண்டு குமிழி ஓடினால் திரையில் தரைக்கோடு அறுந்துபோகும். நின்றால் நன்றாகக் காட்டுகிறது, ஓடினால் விட்டுப்போகிறது என்று வரும் புகாரில் பெரும்பாலும் கருவி மேல் குற்றமில்லை, இடம்தான் குற்றம். மெதுவாக ஓடும் கனமான மரப்படகில் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டைக்கு அருகில், அடிப்பலகையைத் துளைத்து வைப்பது நல்லது. அதற்கு முன்னால் தண்ணீர்க்குழாய்த் துளையோ துருத்திக்கொண்டிருக்கும் கட்டையோ இருக்கக் கூடாது. வேகமாக ஓடும் ஃபைபர் படகில் அமரத்தின், அதாவது பின்பக்கத்தின், பலகையில், படகைத் தள்ளும் விசிறியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி வலமாகச் சுற்றினால் வலப்பக்கம் வையுங்கள். அந்தப் பக்கம் இலை கீழ்நோக்கி இறங்குவதால் கலக்கம் குறைவு. முகம் அடிப்பகுதியைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கட்டும். ஓடும்போது கோடு அறுந்தால் இன்னும் 3 மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். ஒரேயடியாக இறக்கினால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும்.

மரப்படகில் அடிப்பலகை சாய்ந்திருக்கும். சாய்வோடு பொருத்தினால் ஒலி பக்கவாட்டில் போய்விடும். அதற்கு ஒரு ஆப்புக்கட்டை வேண்டும். இந்த வேலைக்கு நம் ஊர் ஆசாரிகளைவிடக் கெட்டிக்காரர்களை நான் பார்த்ததில்லை. பழைய வீடு பிரித்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்று கையில் இருந்தால் போதும். கரையேற்றிய படகை முதலில் மிதக்கிற நிலைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்து, அடிப்பலகை எவ்வளவு சாய்கிறது என்பதை ஓர் அட்டையில் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆசாரி அந்தக் கோணத்தில் தேக்கை ஒரே அறுப்பில் இரண்டாகப் பிளப்பார். ஒரு துண்டு வெளியே போகும், மற்றது திருப்பிய நிலையில் உள்ளே வரும். இரண்டும் சாய்வை ஈடுகட்டிவிடும். முகமும் கிடையாக இருக்கும், உள்ளே நட்டும் சமமாக உட்காரும்.

மரப்படகுக்கு வெண்கல உறை கொண்டதையே வாங்குங்கள். மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும்போது பிளாஸ்டிக் உறை வெடித்துவிடக்கூடும். அடியில் ஓட்டை விழுந்தால் படகே போய்விடும். அலுமினியப் படகில் அதே வெண்கலத்தை வைக்கக் கூடாது. உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோரத்தில் இடம் வைத்திருக்கிறது. அரிப்பு அவ்வளவு பெரிய விஷயம்.

கெட்டியான ஃபைபர் படகில் துளையே போடாமல் உள்ளிருந்தும் ஒட்டலாம். முதலில் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் டிரான்ஸ்டியூசரை வைத்து, தரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் எபாக்சி பசை போட்டு, குமிழி தங்காதபடி மெல்லத் திருகி அமுக்குங்கள். இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே நுரையோ மரமோ வைத்துக் கட்டிய படகில் இது வேலைக்காகாது.

கேபிள் நீளமாக இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். ஆல்டர்னேட்டர் வயரிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள்.

இனி அளவு. கருவி டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்துதான் அளக்கும். முகம் நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, படகின் மிகத் தாழ்ந்த பகுதி முகத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே என்று வையுங்கள். திரை 3 மீட்டர் காட்டும்போது உண்மையான ஆழம் 3.6, படகின் அடியில் இருக்கும் தண்ணீர் 2.6. இரண்டுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம். ஆஃப்செட் என்ற அமைப்பில் கூட்டல் 0.6 போட்டால் முதலாவது வரும், கழித்தல் 0.4 போட்டால் இரண்டாவது வரும். நான் எப்போதும் கழித்தலையே வைக்கச் சொல்வேன். ஐஸும் டீசலும் ஏறினால் படகு தாழ்ந்து நீர்மட்டக் கணக்கு மாறிவிடும். அடிப்பகுதிக் கணக்கு மாறாது. தாழ்ந்த பகுதி ஏராவா, சுக்கானின் அடியா என்பதைப் படகு கரையில் இருக்கும்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

தண்ணீரில் இறக்கியதும் கொத்தனாரின் தூக்குக்குண்டை நல்ல கயிற்றில் கட்டி, அமைதியான நேரத்தில் இறக்கிப் பாருங்கள். கயிற்றின் அளவிலிருந்து அப்போது படகு அமிழ்ந்திருக்கும் அளவைக் கழித்தால் திரையின் எண் வர வேண்டும். இரண்டு மூன்று ஆழத்தில் பாருங்கள். திரை கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். நம் கடல் வெதுவெதுப்பானது, ஒலி அதில் இன்னும் வேகமாக, ஏறக்குறைய 1,540 மீட்டர் போகும். 10 மீட்டருக்கு ஒரு சாண் குறைவாகக் காட்டினால் ஆபத்தில்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டாகக் காட்டினால் உஷாராகுங்கள். கெட்டித் தரையில் ஒலி மேலே வந்து, படகில் பட்டு, மறுபடி கீழே போய்வரும். இரண்டாவது எதிரொலியைக் கருவி தரை என்று எடுத்துக்கொண்டால் 2 மீட்டர் 4 ஆகிவிடும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் கேட்கும் கூர்மையை, குறையுங்கள். ரேஞ்சை, அதாவது திரை காட்டும் ஆழத்தின் எல்லையை, ஆழத்துக்குத் தக்கபடி வையுங்கள்.

மீட்டரா, ஏறக்குறைய 1.8 மீட்டர் கொண்ட பாகமா என்பதையும், அளவு எங்கிருந்து என்பதையும் திரைக்குப் பக்கத்தில் பெயிண்டில் எழுதிவையுங்கள். படகை ஓட்டும் ஸ்ராங்கு மாறினாலும் அது மாறாது. துளை போட்ட படகை இறக்கிய முதல் நாள் கரையிலேயே கட்டிவைத்து, உள்கட்டையைச் சுற்றிக் கைவைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கே மறுபடி கரையேற்றுங்கள். வணக்கம்.