காரின் பின்விளக்கை வீட்டிலேயே மாற்றுதல்: கல்லடி முற்றத்திலிருந்து

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறேன். இது அக்காவின் கார். மருமகன் இணையத்தில் எல்இடி பின்விளக்கு ஒரு சோடி வாங்கி வைத்துவிட்டு, "மாமா, பூட்டித் தாங்கோ" என்று சொல்லிவிட்டு டியூசனுக்குப் போய்விட்டான்.

பூட்ட முதல் விளக்கை மேசையில் வைத்து, ஒரு 12 வோல்ட் பற்றரியில் கொடுத்துப் பாருங்கள். முதலில் பின்விளக்கு வயர், பிறகு பிரேக் வயர். பழைய இரட்டை இழை பல்பில் பின்விளக்கு 5 வாட், பிரேக் 21 வாட். பிரேக் பிடித்ததும் பின்னால் வருபவருக்குச் சட்டென்று விளங்குவது அந்த வித்தியாசத்தால்தான். மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். இரவில் கல்முனை வீதியில் மாடு குறுக்கே வந்து எல்லோரும் பிரேக்கில் கால் வைக்கும் நேரத்தில் அந்த விளக்கால் என்ன பயன்? இந்தச் சோடி பரவாயில்லை, நன்றாகவே வேறுபடுகிறது. சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கிறது. அது இல்லாத விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட விளக்கைத்தான் மருமகன் முதலில் கேட்டான். நான் விடவில்லை.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியாகிவிட்டது. பின்கதவைத் திறந்தால் விளக்கைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரிகின்றன. அவற்றைக் கழற்றி, விளக்கை நேரே பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் கிளிப் உடையும், பெயின்டும் போகும்.

இப்போது வயர். நிறத்தை நம்ப வேண்டாம், டெஸ்ட் லாம்ப் (வயரில் மின்சாரம் வந்தால் எரியும் சிறு விளக்கு) வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்கு மட்டும் பற்றரியை மறுபடி கொடுக்க வேண்டும். காரோடு வந்த வயரை நான் வெட்டுவதில்லை. பொருந்தும் சொக்கெட்டை வாங்கி, அதன் வயரோடு புது விளக்கைச் சோல்டர் பண்ணி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுகிறேன். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் இந்தக் கடற்கரைக் காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும். விளக்கின் நெகட்டிவ் வயரைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் எர்த் போல்ட்டின் அடியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சிக்னலும் மங்கலாக எரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த எர்த்தான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: சிக்னல் ஏன் படபடவென்று வேகமாக அடிக்கிறது? எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு. சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கும் ரிலே அதைப் பார்த்து பல்ப் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் அடிப்பதுதான் முறை. பழைய பல்ப் அளவுக்கு மின்சாரம் இழுத்து ரிலேயைச் சமாளிக்க, கடையில் 6 ஓம் ரெசிஸ்டர் தருவார்கள். 12 வோல்ட்டில் அதற்குள் 2 அம்பியர் ஓடும். அந்த 24 வாட்டும் சூடாகத்தான் வெளியேறும். பூட்டுவதென்றால் இரும்புத் தகட்டில் பூட்டுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். ரிலேயைத் தனியே கழற்ற முடிகிற கார் என்றால் எல்இடிக்கான ரிலே போடுவதே என் விருப்பம். இந்தக் காரில் முடிந்தது, போட்டுவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். மாரி தொடங்கினால் நம் பக்கத்து மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. புது விளக்கோடு வந்த கசுக்கெட், அதாவது தண்ணீர் புகாமல் இடையில் வைக்கும் ரப்பர், மெல்லியது. அதன்மேல் பியூட்டில் டேப் என்ற ஒட்டும் ரப்பர் டேப்பை ஒரு சுற்றுப் போட்டிருக்கிறேன். விளக்கின் முதுகில் இருக்கும் சிறு காற்றுத் துளையைச் சிலிக்கனால் அடைத்துவிடாதீர்கள், உள்ளே வரும் ஈரம் போக வழியில்லாமல் போய்விடும். விளக்குக் கண்ணாடியில் லேசாக ஈரம் படிவது பெரிய விடயமில்லை. அடியில் தண்ணீர் தேங்கினால்தான் கழற்ற வேண்டும்.

இடது பக்கத்துக்குக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், டிக்கிக்குள் ஒரு சொட்டும் இல்லை. வலது பக்கம் இன்னும் கிடக்கிறது. அதையும் பூட்டிவிட்டு, பொழுது பட்டதும் காரின் பின்பக்கத்தைச் சுவருக்கு அருகே நிறுத்திப் பிரேக்கை மிதிப்பேன். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தே சரிபிழை சொல்லிவிடலாம், பின்னால் நின்று பார்க்க இன்னொருவர் தேவையில்லை.