பயன்பெற்றவர்களே பொறுப்பேற்கும்போது: உலக இளைஞர் கல்வித் திட்டங்களை நடத்துகிறவர்கள்

[திரையில்: தலைப்பு. பின்னணியில் உலக வரைபடம்.]

வணக்கம். வறுமையாலும் தொலைவாலும் போராலும் பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குக் கல்வியையும் தலைமைப் பயிற்சியையும் சேர்த்து அளிக்கும் திட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றைத் தொடங்கி நடத்துகிறவர்கள் யார், அவர்களுடைய அன்றாட வேலை எப்படிப்பட்டது, எந்தத் திட்டத்தில் முடிவெடுக்கும் பொறுப்பு உண்மையிலேயே அந்தப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, பள்ளி செல்லாத குழந்தைகளும் இளைஞர்களும் உலகில் ஏறத்தாழ 25 கோடியே 10 லட்சம் பேர். பள்ளிக்குச் செல்கிறவர்களின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் சுமார் 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று உலக வங்கி 2022-இல் மதிப்பிட்டது. ஆகவே இத்துறையில் இறங்குகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருவது, அங்கே உண்மையாகக் கற்கவைப்பது, கற்றபின் அந்தப் பிள்ளை தன் ஊரின் முடிவுகளில் குரல் கொடுக்கும் நிலைக்கு வருவது என்ற மூன்று வேலைகளையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் முதல் வேலையைச் செய்துமுடிப்பதற்குள்ளேயே களைத்துப்போகின்றன.

[திரையில்: சிம்பாப்வே. கரிபா ஏரியை ஒட்டிய பகுதி பெரிதாக்கப்படுகிறது.]

மூன்றாவது வேலையை மிக நீண்ட காலம் விடாமல் செய்திருக்கும் அமைப்பு என்று நான் கருதுவது, ஆப்பிரிக்காவில் பெண் குழந்தைகளின் கல்விக்காக உழைக்கும் கேம்ஃபெட். பிரிட்டனைச் சேர்ந்த ஆன் காட்டன் 1991-இல் சிம்பாப்வேயின் மோலா என்ற கிராமப் பகுதிக்கு ஆய்வுக்காகச் சென்றார். பெண் குழந்தைகள் பள்ளிக்கு வராததற்குப் பண்பாட்டுத் தடையே காரணம் என்பது அப்போது பரவலாக இருந்த கருத்து. பெற்றோரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசியபோது அவருக்குக் கிடைத்த விடை வேறாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டுமே கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில், பிற்காலத்தில் சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அந்தப் பிள்ளையைக் குடும்பம் தேர்ந்தெடுத்தது. அது பெரும்பாலும் மகனாக இருந்தது. மகளைப் படிக்கவைக்கும் விருப்பம் இருந்தது, பணம்தான் இல்லை.

இந்தக் கண்டறிதல் திட்டத்தின் வடிவத்தையே தீர்மானித்தது. காரணம் பண்பாடு என்றால் விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியிருப்பார்கள். காரணம் வறுமை என்று தெரிந்ததால் கட்டணம், சீருடை, காலணி, எழுதுபொருள், மாதவிடாய்க் கால அணையாடை என்று ஒரு பெண் பள்ளியில் தொடர்ந்து இருப்பதற்குத் தேவையான ஒவ்வொன்றுக்கும் பணம் ஒதுக்கினார்கள். காட்டன் கேம்பிரிட்ஜ் நகரில் கேக் விற்றுத் திரட்டிய பணமும் தொடக்க நிதியில் சேர்ந்திருந்தது. 1993-இல் 32 மாணவியருடன் கேம்ஃபெட் தொடங்கியது. பின்னர் சாம்பியா, கானா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளுக்கும் விரிந்தது.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய நிகழ்வு 1998-இல் நடந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் தங்களுக்குள் ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்ணுக்கு அடுத்துக் காத்திருந்தது பெரும்பாலும் வேலையின்மையும் இளவயதுத் திருமணமும்தான் என்பதால், ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்கும், சிறுதொழில் தொடங்குவதற்கும், தங்களுக்குப் பின்னால் வரும் சிறுமியரைப் படிக்கவைப்பதற்கும் அச்சங்கம் பயன்பட்டது. இன்று அதன் உறுப்பினர் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியுள்ளது.

அவர்களில் ஒரு பகுதியினர் கற்றல் வழிகாட்டிகளாகத் தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கே திரும்பிச் செல்கிறார்கள். வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பது, வாழ்க்கைத் திறன் பாடங்களை நடத்துவது, படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் மாணவிக்காகப் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசுவது ஆகியவை அவர்களுடைய பணிகள். இதில் கடன் ஏற்பாடு ஒன்று உண்டு. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் சாமர்த்தியமானது அதுதான். கீவா என்ற இணையவழிச் சிறுகடன் அமைப்பின் மூலம் இந்த வழிகாட்டிகளுக்குத் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. வட்டிக்கு ஈடாக அவர்கள் பள்ளியில் செய்யும் தொண்டே கணக்கில் கொள்ளப்படுகிறது. தொண்டு செய்பவருக்குப் பிழைப்புக்கு வழி வேண்டும் என்பதையும், பிழைப்புத் தேடுபவருக்கு ஊரில் மதிப்பு வேண்டும் என்பதையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்திருக்கிறார்கள்.

[திரையில்: ஆண்டுக்கோடு: 1993, 1998, 2020, 2023.]

முதன்முதலில் உதவி பெற்ற மாணவியருள் ஒருவர் ஏஞ்சலின் முரிமிர்வா. முன்னாள் மாணவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2020-இல் அன்றைய தலைமைச் செயல் அலுவலரான லூசி லேக்குடன் இணைந்து, கல்விக்கான பன்னாட்டு விருதான யீதான் பரிசைப் பெற்ற அவர், 2023-இல் கேம்ஃபெட் முழுமைக்கும் தலைமைச் செயல் அலுவலரானார். பன்னாட்டு அமைப்புகள் பலவற்றில் பயன்பெற்றவர்கள் ஆண்டறிக்கையின் அட்டைப்படத்தில் இடம்பெறுகிறார்கள்; நிர்வாகக் குழுவில் இடம்பெறுவது அரிது. அந்த வகையில் இது கவனிக்க வேண்டிய விதிவிலக்கு.

[திரையில்: கொலம்பியாவின் மலைப்பகுதி. ஒரே அறையில் பல வயதுப் பிள்ளைகள்.]

தலைமைப் பொறுப்பைக் கொடுப்பதற்குப் பள்ளி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கொலம்பியாவில் காட்டியவர் விக்கி கோல்பெர்ட். 1970-களின் நடுப்பகுதியில், கிராமப்புற ஆசிரியராக இருந்த ஆஸ்கர் மொகொல்யோன், பெரில் லெவிஞ்சர் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'எஸ்குவேலா நுவேவா' (புதிய பள்ளி) முறை, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒன்றாக நடத்த வேண்டிய மலைக்கிராமப் பள்ளிகளுக்காக எழுந்தது. பாடநூலின் இடத்தில், பிள்ளைகள் தாங்களே படித்துச் செய்துபார்த்து முன்னேறக்கூடிய கற்றல் வழிகாட்டி ஏடுகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அடுத்த நிலைக்குச் செல்லலாம். காப்பி அறுவடைக் காலத்தில் வீட்டு வேலைக்காகச் சில வாரங்கள் வராமல் இருந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆண்டை இழந்து பழைய வகுப்பிலேயே உட்கார வேண்டியதில்லை.

அந்தப் பள்ளிகளில் மாணவர் அரசு என்ற அமைப்பும் பாடத்திட்டத்தின் ஓர் அங்கம். பிள்ளைகள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூலகம், தோட்டம், சுகாதாரம் போன்றவற்றுக்குக் குழுக்கள் அமைத்துப் பள்ளியை நடத்துவதில் பங்கெடுக்கிறார்கள். நீண்ட உள்நாட்டு மோதலில் சிக்கியிருந்த ஒரு நாட்டில், ஏழெட்டு வயதிலேயே கூடிப் பேசி முடிவெடுக்கப் பழகுவது சிறிய காரியமன்று. 1980-களில் அரசு இம்முறையை நாடு தழுவிய கொள்கையாக ஏற்றது. ஏறத்தாழ 20,000 கிராமப்புறப் பள்ளிகளுக்கு அது பரவியது. யுனெஸ்கோ 1998-இல் வெளியிட்ட லத்தீன் அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், மாநகரங்களைத் தவிர்த்த நகர்ப்புறப் பள்ளிகளைவிடக் கிராமப்புறப் பள்ளிகள் சிறந்து விளங்கிய நாடாகக் கொலம்பியா இடம்பெற்றது. கோல்பெர்ட் நாட்டின் துணைக் கல்வி அமைச்சராகவும் பணியாற்றியவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து மாதிரிப் பள்ளி நடத்துவது ஒருவகைத் திறமை; அதை அரசின் வழக்கமாக மாற்றுவதற்குக் கோப்புகளோடும் குழுக்களோடும் பல ஆண்டுகள் பொறுமையாக மல்லாட வேண்டும். இத்துறையின் தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டாவது திறமைக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை.

[திரையில்: கானா. தேர்வு அறை, கண்காணிப்பாளர் நாற்காலி காலியாக உள்ளது.]

ஆப்பிரிக்காவின் இரண்டு உயர்கல்வி முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கானாவில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த பாட்ரிக் அவுவா, ஊர் திரும்பி 2002-இல் 30 மாணவர்களுடன் அசேசி என்ற கல்லூரியைத் தொடங்கினார். இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் அங்கே தலைமை குறித்த கருத்தரங்குகளும் சமூகப்பணியும் பட்டப்படிப்பின் பகுதிகளாகவே உள்ளன. இருந்தாலும் அந்நிறுவனத்தை வேறுபடுத்துவது மாணவர்களே எடுத்த ஒரு முடிவு. கண்காணிப்பாளர் இல்லாமல் தேர்வு எழுதுவோம், யாராவது ஏமாற்றினால் நாங்களே அதற்குப் பொறுப்பேற்போம் என்ற நேர்மை உறுதிமொழியை 2008-இல் அவர்கள் வாக்களித்து ஏற்றார்கள். நாட்டின் அங்கீகார வாரியம் தொடக்கத்தில் இதை எதிர்த்தது. வாரியத்தின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நேர்மையை ஒருவருக்குப் பழக்க வேண்டுமானால் அதை மீறும் வாய்ப்பும் அவர் முன்னால் இருக்க வேண்டும்.

கானாவில் பிறந்த ஃபிரெட் ஸ்வானிக்கர், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே 2008-இல் திறந்த ஆப்பிரிக்கத் தலைமை அகாடமி வேறு பாதையில் செல்கிறது. கண்டம் முழுவதிலிருந்தும் தலைமைத் திறன் தெரியும் பதின்வயதினரைத் தேடித் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்றுவிக்கிறது. படித்து முடித்தவர்கள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி உழைத்தால் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. திரும்பாவிட்டால் அது கடனாகிவிடும். தேர்ந்தெடுத்த சிலருக்கு நிறையச் செலவிட்டால் அவர்கள் பலரை உயர்த்துவார்கள் என்பது இதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எனக்குப் பாதி ஒப்புதல்தான். திறமையான ஒருவர் திரும்பி வந்து நிறுவனம் கட்டுவது மெய்யாகவே நாட்டை மாற்றக்கூடும். எனினும் பதினாறு வயதில் நேர்காணல் அறையில் தெளிவாகப் பேசும் வாய்ப்பே எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

[திரையில்: வகுப்பறையில் இளம் ஆசிரியர்கள்.]

இளம் பட்டதாரிகளையே மாற்றத்தின் கருவியாகக் கொண்ட முயற்சி வெண்டி காப்புடையது. 1989-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தம் இளங்கலை ஆய்வேட்டில் எழுதிய யோசனையை அவர் 'டீச் ஃபார் அமெரிக்கா'வாக மாற்றினார்; 1990-இல் ஏறத்தாழ 500 பட்டதாரிகள் முதல் தொகுதியாக ஏழ்மைப் பகுதிப் பள்ளிகளுக்கு இரண்டாண்டு ஆசிரியர்களாகச் சென்றார்கள். 2007-இல், பிரிட்டனில் இதுபோன்ற அமைப்பை நடத்திய பிரெட் விக்டார்ட்ஸுடன் அவர் தொடங்கிய 'டீச் ஃபார் ஆல்' கூட்டமைப்பில் இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் அமைப்புகள் உள்ளன. அவற்றுள் இந்தியாவுக்கான அமைப்பை ஷாஹீன் மிஸ்திரி தொடங்கினார். சில வாரப் பயிற்சியோடு வந்து இரண்டாண்டில் விலகக்கூடிய ஆசிரியரால், ஏற்கெனவே நிலையற்ற சூழலில் வாழும் பிள்ளைக்கு எந்த அளவு உதவ முடியும் என்ற விமர்சனம் இம்முறையின் மீது நெடுங்காலமாக உண்டு. அது நியாயமான விமர்சனம். அந்த இரண்டாண்டு அனுபவம் பெற்றவர்கள் பின்னர் பள்ளித் தலைவர்களாகவும் கொள்கை வகுப்பவர்களாகவும் ஆகிறார்கள் என்பது அமைப்பின் பதில். அந்தப் பதிலில் தலைமைப் பயிற்சி பெறுபவர் ஆசிரியராக இருக்கிறார், மாணவராக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசே பகையாக நிற்கும் இடங்களில் இந்த விவாதங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஆப்கானிஸ்தானில் 1990-களில் தாலிபான் ஆட்சியின்போது சகீனா யாகூபி 80 இரகசிய வீட்டுப் பள்ளிகளில் சுமார் 3,000 சிறுமியருக்குக் கல்வி கிடைக்கச் செய்தார். 2021-க்குப் பிறகு அங்கே ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி பெண்களுக்கு மீண்டும் மறுக்கப்பட்டுள்ளது.

[திரையில்: ராஜஸ்தான் கிராமம். வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள்.]

கடைசியாகப் பணம். நன்கொடையாளர்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நிதி தருகிறார்கள். முடிவில் எண்களைக் கேட்கிறார்கள். இதை நேருக்கு நேர் சந்தித்தவர் சஃபீனா ஹுசைன். அவர் 2007-இல் தொடங்கிய 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்பில், கிராமத்து இளைஞர்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகச் சென்று பள்ளி செல்லாத சிறுமியரைக் கண்டறிந்து சேர்க்கிறார்கள். ராஜஸ்தானில் 2015 முதல் 2018 வரை, விளைவு கிடைத்தால் மட்டுமே முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும் என்ற நிபந்தனையுடன் கூடிய மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றை அவ்வமைப்பு ஏற்றது. இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் ஏறத்தாழப் பாதிதான் எட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்தில் குழுவினர் தரவுகளைப் பார்த்து, பிள்ளைகளை அவரவர் திறன் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பித்தார்கள். பள்ளிக்கு வராதவர்களுக்கு வீட்டிலேயே வகுப்பெடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் 160 விழுக்காடும் சேர்க்கை இலக்கில் 116 விழுக்காடும் எட்டப்பட்டிருந்தன. 2025-இல் ரமோன் மகசேசே விருது பெற்ற முதல் இந்திய அமைப்பாக அது ஆனது.

சேர்க்கையையும் வாசிப்பையும் இப்படி எண்ணிப் பணம் கொடுக்கலாம். அந்தத் தன்னார்வ இளைஞர் ஒருவர் பத்தாண்டு கழித்துத் தம் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசுவதை எந்த ஒப்பந்தமும் இதுவரை இலக்காக எழுதிக்கொள்ளவில்லை. அதற்கான செலவை இந்த அமைப்புகளின் தலைவர்கள் வேறு தலைப்புகளில் கிடைக்கும் நிதியிலிருந்துதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.