ஸ்லோவானும் பூட்டிய எல்லையும்

எல்லோருக்கும் வணக்கம்.

பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்துக்கு வெளியே 2009-ல் ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்குச் சிலை வைத்தார்கள். பெயர் குபாலா. 1950களில் பார்சிலோனா கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர். அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் பழைய மைதானத்தில் கொள்ளவில்லை, அதனால்தான் 1957-ல் காம்ப் நோ எழும்பியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. நான் பேச வந்தது பார்சிலோனாவைப் பற்றி அல்ல. அங்கே போவதற்கு முன்னால், 1946 முதல் 1948 வரை, குபாலா எந்தச் சட்டையைப் போட்டு ஆடினாரோ அந்தக் கிளப்பைப் பற்றி. ஸ்லோவாகியாவின் தலைநகரத்துக் கிளப். ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா.

டான்யூப் கரையில் இருக்கும் ஊர் அது. ஆஸ்திரிய எல்லை ஊரின் விளிம்பிலேயே வந்து நிற்கும். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் அங்கே ஜெர்மன், ஹங்கேரியன், ஸ்லோவாக் என்று மூன்று மொழி பேசுகிறவர்களும் கலந்து வாழ்ந்தார்கள். பிராட்டிஸ்லாவா என்ற பெயரே 1919 மார்ச்சில்தான் அதிகாரபூர்வமாக வந்தது. இரண்டே மாதத்தில், மே 3-ஆம் தேதி, பனோனியா என்ற காபி கடையில் சிலர் கூடி இந்தக் கிளப்பைத் தொடங்கினார்கள். ஊரில் ஏற்கெனவே ஜெர்மன்காரர்களுக்கும் ஹங்கேரியர்களுக்கும் பழைய கிளப்புகள் இருந்தன. புதிய செக்கோஸ்லோவாக் நாட்டுக்கென்று ஒன்று வேண்டும் என்ற நினைப்பில் பிறந்தது இது.

கிளப்பின் பெயர் எத்தனை தடவை மாறியது என்று பார்த்தாலே அந்த நாட்டின் சரித்திரம் தெரிந்துவிடும். தொடக்கத்தில் பெயரிலேயே 'செக்கோஸ்லோவாக்' இருந்தது. 1939-ல் ஹிட்லரின் நிழலில் தனி ஸ்லோவாக் அரசு வந்ததும் அந்தச் சொல் போய்விட்டது. 1948-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, சோகோல் என்று பெயர் வைத்தார்கள். 1953-ல் ஸ்லோவான். 1961-ல் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பெயரையும் சேர்த்து ஒட்டினார்கள். 1990-ல்தான் அது உதிர்ந்தது.  1940-லிருந்து டெஹெல்னே போலே என்பது அவர்களுடைய மைதானம். நம் மொழியில் சொன்னால் செங்கல் களம்.

சரி, குபாலாவுக்கு வருவோம். அப்போது இந்த அணியின் பயிற்சியாளர் ஃபெர்டினாண்ட் டவுச்சிக். அவருடைய தங்கையைத்தான் குபாலா கல்யாணம் செய்துகொண்டார். 1949 ஜனவரியில், ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஏறி, குபாலா ஹங்கேரியிலிருந்து ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். மச்சான் டவுச்சிக்கும் நாட்டை விட்டு வெளியேறினார். இரண்டு பேரும் இத்தாலி வழியாக ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்கள். டவுச்சிக் பயிற்சியாளர், குபாலா ஆட்டக்காரர். 1952-லும் 1953-லும் பார்சிலோனா ஸ்பானிய லீக்கை வென்றது. பார்சிலோனாவின் அந்தப் பொற்காலத்தில் பிராட்டிஸ்லாவாவுக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம் எல்லை இறுகியது. முள்வேலி, காவல் கோபுரம் எல்லாம் வந்தன. இங்கேதான் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்யும் ஒரு விஷயம் இருக்கிறது. குபாலாவும் டவுச்சிக்கும் போன அதே 1949-ல் இந்தக் கிளப் முதல் முறையாகச் செக்கோஸ்லோவாக் லீக்கை வென்றது. அதுவரை அந்தப் பட்டம் எந்த ஸ்லோவாக் அணிக்கும் கிடைத்ததில்லை. 1950, 1951, 1955 என்று வரிசையாக மேலும் மூன்று. ஏன்? அணியில் இருந்தவர்கள் எங்கேயும் போக முடியவில்லை. கோல்கீப்பர் ஷ்ரோய்ஃபும் தடுப்பாட்டக்காரர் போப்லுகாரும் 1962 உலகக் கோப்பை இறுதி வரை நாட்டைக் கொண்டுபோனவர்கள். இன்றைக்கு அப்படி இரண்டு பேர் ஒரு சின்ன நாட்டுக் கிளப்பில் இருந்தால் இரண்டு வருடம்கூடத் தங்க மாட்டார்கள். அவர்கள் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே ஆடினார்கள். அந்த எல்லை நல்லது என்று நான் சொல்லவில்லை. அதைத் தாண்டப் பார்த்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கிளப்பின் பெருமையும் அந்த நாட்டின் சிறையும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றன. அது உண்மை.

இனி 1968. அலெக்சாண்டர் டுப்செக் என்ற ஸ்லோவாக்காரர் நாட்டின் தலைவரானார். கதவுகள் கொஞ்சம் திறந்தன. ஆகஸ்ட் 20 இரவு தொடங்கி 21 விடிவதற்குள் சோவியத் டாங்கிகள் உள்ளே வந்துவிட்டன. ஐரோப்பியக் கால்பந்தே கலங்கிப் போனது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா கிழக்கையும் மேற்கையும் பிரித்து மறுபடி குலுக்கல் நடத்தியது. கோபித்துக்கொண்டு சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, பல்கேரியா ஆகிய நாடுகளின் அணிகள் விலகின. டாங்கிகள் நுழைந்த நாட்டின் அணிகள் விலகவில்லை, ஆடின.

ஸ்லோவான் அந்த ஆண்டு உள்நாட்டுக் கோப்பையை வென்று, அப்படிக் கோப்பை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியப் போட்டியான கப் வின்னர்ஸ் கப்புக்குத் தகுதி பெற்றிருந்தது. முதலில் யூகோஸ்லாவியாவில் போர் (Bor) என்ற ஊரின் அணி. அடுத்து போர்ச்சுகலின் போர்ட்டோ. வெளியூரில் 1-0 என்று தோற்றுவிட்டு வந்து செங்கல் களத்தில் 4-0 என்று வென்றார்கள். இத்தாலியின் டொரினோவை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்தார்கள். அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின். அங்கே 1-1, இங்கே 1-0. இறுதியில் எதிரே யார் தெரியுமா? பார்சிலோனா.

1969 மே 21, புதன்கிழமை, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம். டாங்கிகள் வந்து சரியாக ஒன்பது மாதம். டுப்செக்கைப் பதவியிலிருந்து இறக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சியாளர் மிகல் விச்சான். தலைவர் அலெக்சாண்டர் ஹோர்வாத். கோலில் வென்ட்செல். பதினொரு பேரும் ஸ்லோவாக்கியர்கள். அணியின் தூணாக இருந்த போப்லுகார் மட்டும் இல்லை. 33 வயதில் அவருக்கு பிரான்சின் லியோன் கிளப்புக்குப் போக வழி கிடைத்திருந்தது. அத்தனை வருடம் காத்த மனிதர் அந்த ஒரு ராத்திரியில் களத்தில் இல்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

இரண்டாவது நிமிடத்திலேயே ட்ஸ்வெட்லர் கோல் போட்டார். பதினாறாவது நிமிடத்தில் பார்சிலோனா சமன் செய்தது. முப்பதாவது நிமிடத்தில் ஹ்ரிவ்னாக் என்ற தடுப்பாட்டக்காரர் கோல் போட்டார், மறுபடி முன்னிலை. நாற்பத்திரண்டில் யான் சாப்கோவிச் மூன்றாவது. இடைவேளையில் 3-1. அவருடைய இரட்டைச் சகோதரர் யோசெஃபும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து சில நிமிடத்தில் ரெக்சாச் அடித்த கார்னர் நேராக வலைக்குள் போய் விழுந்தது. 3-2. அதன் பிறகு முப்பத்தெட்டு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். தாக்குப்பிடித்தே ஜெயித்தார்கள். கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து ஒரு கிளப் யூஃபா கோப்பை ஒன்றை வென்றது அதுதான் முதல் தடவை.

மைதானத்தில் வெறும் 19 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். ஊரில் அத்தனை வீட்டிலும் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பறிகொடுத்ததையெல்லாம் ஒரு பந்து திருப்பித் தந்துவிடாது. ஆனாலும் அந்த ராத்திரி அவர்களுடையது. அதை எந்த டாங்கியாலும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

பக்கத்து ஊரான டிர்னாவாவையும் சொல்லியாக வேண்டும். ஸ்லோவானின் பரம வைரி, ஸ்பார்டாக் டிர்னாவா. அதே வசந்தத்தில் அவர்கள், லீக் சாம்பியன்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை போய், நெதர்லாந்தின் அயாக்சிடம் தோற்றார்கள். 1968 முதல் 1975 வரை எட்டு வருட லீக் பட்டங்களில் ஐந்து டிர்னாவாவுக்கு, மூன்று ஸ்லோவானுக்கு. பிராக் நகரத்து அணிகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1976-ல் பெல்கிரேடில் செக்கோஸ்லோவாகியா மேற்கு ஜெர்மனியை வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அந்த வெற்றியை முடிவு செய்த பனென்காவின் பெனால்டி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று களமிறங்கிய பதினொரு பேரில் ஆறு பேர் ஸ்லோவான்காரர்கள். தலைவர் ஒன்ட்ருஷும் அவர்களில் ஒருவர். யோசெஃப் சாப்கோவிச் அங்கேயும் இருந்தார்.

1989-ல் ஆட்சி கவிழ்ந்தது, வேலியை வெட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்லோவானில் அப்போது ஒரு இளைஞர் இருந்தார், பீட்டர் டுபோவ்ஸ்கி. 1992-ல் 27 கோல் போட்டு அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த பருவத்தில் 24 கோல். 1993-ல் ரியல் மாட்ரிட் வந்து அழைத்துக்கொண்டு போனது. அவர் குபாலா மாதிரி லாரியில் ஒளிய வேண்டியிருக்கவில்லை, விமானத்தில் ஏறிப் போனார். 2000 ஜூனில், தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், அருவியில் விழுந்து இறந்துபோனார். வயது 28.

அதே 1993-ல் நாடும் இரண்டாகப் பிரிந்தது. 54 லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்குள் சுருங்கிய லீக்கில் பணம் எங்கிருந்து வரும்? 2004-ல் ஸ்லோவான் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. மீண்டு வர 2006 ஆனது. 2009-க்குப் பிறகு டெஹெல்னே போலேயும் ஓய்ந்து, பிறகு இடிபட்டது. பக்கத்து மைதானத்தில் வாடகை வீட்டுக்காரர் போல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

புதிய டெஹெல்னே போலே 2019 மார்ச் 3 அன்று திறந்தது. முதல் ஆட்டத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? டிர்னாவாவைத்தான். 2-0 என்று ஸ்லோவான் ஜெயித்தது. அந்த ஆண்டு தொடங்கி 2025 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டங்கள்.

2024-ல் முதல் முறையாக, பழைய ஐரோப்பியக் கோப்பையின் இன்றைய வடிவமான சாம்பியன்ஸ் லீக்கின் பிரதான சுற்றுக்குப் போனார்கள். எட்டு ஆட்டம். எட்டிலும் தோல்வி. செல்டிக், மான்செஸ்டர் சிட்டி, அட்லெடிகோ, பயர்ன் என்று வரிசையாக. உள்ளூரில் யாராலும் அசைக்க முடியாத அணிக்கு வெளியே இதுதான் நிலைமை. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் கிடைத்தால் பெரிய லீக்குகள் கொத்திக்கொண்டு போய்விடும், யாரும் யாரையும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்த எட்டுத் தோல்விகளை அவமானம் என்று எழுதியவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

நவம்பரில் மிலான் செங்கல் களத்துக்கு வந்தது. ஏழு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. முதல் கோல் மிலானுக்கு. மூன்றே நிமிடத்தில் ஸ்லோவான் சமன் செய்தது. அப்புறம் மிலான் இரண்டு போட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில், 88-வது நிமிடத்தில், நினோ மார்செல்லி என்ற ஸ்லோவாக் பையன் ஒன்றைத் திருப்பி அடித்தான். 3-2. தோல்விதான். மைதானம் அவனுக்காக எழுந்து நின்றது.